‘பார்த்துக்கலாம்’ யாருடைய வேலை? குழு வேலைகளுக்கான மென்பொருள்: ஓர் எளிய விளக்கம்

ஏப்ரல் வந்தால் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா. சமூக மன்றம், நூலகம், பள்ளி என்று மாதம் முழுக்க நிகழ்ச்சிகள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பின்னாலும் ஓர் ஏற்பாட்டுக் குழு இருக்கும், அந்தக் குழுவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருக்கும். ஏதாவது ஓர் இரவு பத்து மணிக்கு அதில் இப்படி ஓர் உரையாடல் நடக்கும்.

“பேனர் அடிக்கக் கொடுக்கணுமே?”

“ஆமாண்ணா, கொடுத்துடலாம்.”

மூன்று கட்டைவிரல், ஒரு கும்பிடு. பிறகு யாருக்கோ பிறந்தநாள், இருபது வாழ்த்து. பேனர் பேச்சு திரையின் மேல்பக்கம் ஏறிப் போய்விடும். நிகழ்ச்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது “பேனர் வந்துடுச்சா?” என்று யாராவது கேட்பார்கள். எல்லாரும் எல்லாரையும் பார்ப்பார்கள்.

இங்கே யாரும் சோம்பேறி இல்லை. கோளாறு ‘கொடுத்துடலாம்’ என்ற சொல்லில் இருக்கிறது. தமிழில் இந்த ‘லாம்’ விகுதி வசதியானது, ஆபத்தானதும்கூட. செய்யலாம், பார்த்துக்கலாம், முடிச்சிடலாம் எல்லாவற்றிலும் வினை இருக்கிறது, செய்கிறவர் இல்லை. கட்டைவிரலும் அப்படித்தான். ஒருவருக்கு அது ‘படித்தேன்’, இன்னொருவருக்கு ‘சம்மதம்’. ‘நான் செய்கிறேன்’ என்று நினைத்து அழுத்தியவர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம்.

திட்ட மேலாண்மை மென்பொருள் இந்த ஓட்டையை அடைக்கத்தான் வந்தது. பெயர் பெரிதாக இருந்தாலும் உள்ளே இருப்பது எளிது. ஒவ்வொரு வேலைக்கும் நான்கு விவரம்: என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், இப்போது எந்த நிலையில். இந்த நான்கையும் குழுவில் உள்ள எல்லாரும் ஒரே இடத்தில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். வண்ண லேபிள், தானியங்கி நினைவூட்டல், விளக்கப்படம் எல்லாம் அதன் மேல் பூசிய பூச்சு. நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் இன்னொரு வாட்ஸ்அப் குழுவாக மாறிவிடும்.

பலகை எங்கிருந்து வந்தது

பெரும்பாலான மென்பொருள்களைத் திறந்தால் தெரிவது ஒரு பலகை, அதில் மேலிருந்து கீழாகச் சில பத்திகள், பத்திகளில் அட்டைகள். ஒரு வேலைக்கு ஓர் அட்டை, வேலையின் ஒரு நிலைக்கு ஒரு பத்தி. இதற்குக் கான்பான் பலகை என்று பெயர். கான்பான் என்றால் ஜப்பானிய மொழியில் அறிவிப்புப் பலகை. டொயோட்டா கார் தொழிற்சாலையில் 1950களில் தாயிச்சி ஓனோ இந்த முறையை வளர்த்தெடுத்தார். உதிரிபாகப் பெட்டியோடு ஓர் அட்டை போகும். பாகங்களைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அட்டை பின்னால் உள்ள பிரிவுக்குத் திரும்பும். அட்டை வந்தால்தான் அந்தப் பிரிவு புதிதாகச் செய்யும், வராவிட்டால் செய்யாது. அதாவது, கையில் இருப்பது முடியும்வரை புதிதாக எதையும் குவிக்காமல் தடுப்பதே அந்த அட்டையின் உண்மையான வேலை. இன்று பலகை வைத்திருப்பவர்களில் பலர் அட்டையை எடுத்துக்கொண்டார்கள், தடுப்பை விட்டுவிட்டார்கள். அதன் விளைவைக் கீழே பார்க்கலாம்.

பலகையைத் தவிர மென்பொருள்களில் தெரியும் இன்னொரு காட்சி கான்ட் வரைபடம். இடமிருந்து வலமாகத் தேதிகள், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை. அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட் 1910களில் பரவலாக்கியது. எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பதைப் பார்க்க இது நல்லது. தினமும் ‘இப்போது யார் என்ன செய்கிறார்’ என்று பார்க்கப் பலகை நல்லது. 2011ல் வந்த டிரெல்லோ என்ற மென்பொருள், பலகையைச் சாதாரண மனிதர் கைக்குக் கொண்டுவந்தது. இப்போது ஆசானா, மைக்ரோசாஃப்ட் பிளானர், ஜிரா என்று எல்லாவற்றிலும் பலகை உண்டு.

ஓர் அட்டையை எழுதுவது

இனி ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். ஏப்ரல் 18, சனிக்கிழமை மாலை. ஒரு சமூக மன்ற அரங்கில் இளையர் பேச்சுப் போட்டியும் இசை நிகழ்ச்சியும். 150 பேர் வருவார்கள், சாப்பாடு உண்டு. ஏற்பாட்டுக் குழுவில் 8 பேர். எல்லாருக்கும் பகலில் வேலை அல்லது படிப்பு.

முதல் நாள் யாராவது ‘பேனர்’, ‘சாப்பாடு’, ‘விருந்தினர்’, ‘ஒலிபெருக்கி’ என்று நான்கு அட்டை போடுவார்கள். இவை தலைப்புகள். ‘சாப்பாடு’ எப்போது முடியும்? மேற்கோள் விலை வாங்கியதும் முடிந்ததா, முன்பணம் கட்டியதும் முடிந்ததா, சாப்பிட்டுக் கை கழுவியதும் முடிந்ததா? ‘சாப்பாடு’ என்ற அட்டை மூன்று வாரம் ‘நடக்கிறது’ பத்தியில் கிடக்கும். பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

அதை உடைத்தால் இப்படி வரும்: ‘மூன்று கடையில் விலை கேள்’, ‘கடையை முடிவு செய்’, ‘முன்பணம் கட்டு’, ‘இறுதி எண்ணிக்கை சொல்’. ஒவ்வொன்றும் ஒருவர் ஓரிரு மாலைகளில் முடிக்கக்கூடியது. முடிந்ததா இல்லையா என்பதில் வாக்குவாதமே வராது. அளவுக்கு ஒரு கைக்கணக்கு: ஒரு வாரத்துக்கு மேல் நகராமல் கிடக்கும் என்று தோன்றினால் அட்டை பெரிது, உடையுங்கள். பதினைந்து நிமிடத்தில் முடியும் என்றால் சிறிது, தனி அட்டை வேண்டாம், வேறோர் அட்டைக்குள் சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரியாகப் போடுங்கள். எட்டுப் பேர் நடத்தும் ஒரு மாலை நிகழ்ச்சிக்கு நாற்பது அட்டை தாராளம். முதல் நாளே நூற்று நாற்பது அட்டை போட்ட பலகையை இரண்டாவது வாரம் யாரும் திறக்கமாட்டார்கள்.

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. கைத்தொலைபேசியில் பட்டியலிலும் அறிவிப்பிலும் நீளமான தலைப்பு பாதியில் வெட்டுப்படும். ‘நிகழ்ச்சிக்கான பேனர் வடிவமைப்பை அச்சகத்துக்கு…’ என்று நின்றுவிட்டால் அனுப்புவதா, அனுப்பியதைத் திரும்பப் பெறுவதா, விலை கேட்பதா என்று தெரியாது. ஆகவே நான்கு சொல்லுக்குள் முடியுங்கள், மீதியை விளக்கப் பகுதியில் எழுதுங்கள். ‘பேனரை அச்சுக்கு அனுப்பு’ போதும். ‘அச்சிடல்’, ‘ஒருங்கிணைப்பு’, ‘கவனித்தல்’ போன்ற பெயர்ச்சொற்களைத் தவிருங்கள். கவனித்தல் என்ற வேலை உலகத்தில் எந்த நாளும் முடிந்ததில்லை.

தேடலிலும் கவனம் வேண்டும். ஒருவர் ‘கேட்டரிங்’ என்கிறார், இன்னொருவர் ‘உணவு’, மூன்றாமவர் அதே சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார். தேடுபெட்டி எழுத்தைத்தான் ஒப்பிடும், பொருளை ஒப்பிடாது. முதல் நாளே பத்துச் சொற்களுக்கு ஒரே எழுத்துமுறையை ஒப்புக்கொண்டு பலகையின் முதல் அட்டையில் எழுதி வைத்தால் பிறகு தலைவலி இல்லை.

விளக்கப் பகுதியில் கட்டாயம் இருக்க வேண்டியது ஒரே வரி: ‘முடிந்தது என்றால் என்ன?’ பேனர் அட்டையில் ‘அச்சகத்தின் ரசீது இந்த அட்டையில் இணைக்கப்பட்டது’ என்று எழுதலாம். உணவு அட்டையில் ‘150 பேர், அதில் சைவம் 60, மீதி ஹலால், கடைக்காரரின் உறுதிச் செய்தியின் படம் இணைப்பு’. சான்று இணைக்கப்பட்டிருந்தால் யாரும் யாரையும் நம்பவோ சந்தேகப்படவோ தேவையில்லை. கூட்டத்தில் “கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு” என்ற பதிலும் காணாமல் போகும். (கிட்டத்தட்ட முடிந்தது என்பதற்குத் தமிழில் நேர்ப்பொருள்: முடியவில்லை.)

ஓர் அட்டைக்கு ஒரு பெயர்

இதுதான் கட்டுரையின் நடுக்கம்பம். ஓர் அட்டையில் இரண்டு பெயர் இருந்தால் அதில் பெயரே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் மற்றவர் செய்வார் என்று மரியாதையாகக் காத்திருப்பார்கள்.

மென்பொருள்கள் இதில் ஒன்றுபோல் இல்லை. ஆசானாவிலும் ஜிராவிலும் ஒரு வேலைக்கு ஒரு பொறுப்பாளரைத்தான் போட முடியும், மற்றவர்கள் பின்தொடரலாம். டிரெல்லோவும் பிளானரும் பல பேரைச் சேர்க்க விடும். அங்கே நீங்களே கட்டுப்பாடு வைக்க வேண்டும்: அட்டையில் ஒருவரை மட்டும் சேர்ப்பது, உதவுபவர்களின் பெயரை விளக்கத்தில் எழுதுவது. பொறுப்பாளர் எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்பதில்லை. அந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர், அவ்வளவுதான். குழுவில் இரண்டு குமார் இருந்தால் கணக்குப் பெயரிலேயே வேறுபாடு காட்டச் சொல்லுங்கள். ‘குமார்கிட்ட சொல்லியாச்சு’ என்ற வாக்கியம் எத்தனையோ வேலைகளை மூழ்கடித்திருக்கிறது.

நம் அமைப்புகளில் வயது ஒரு பெரிய விஷயம். இருபத்திரண்டு வயதுச் செயலாளர், அறுபது வயது முன்னாள் தலைவரிடம் “ஐயா, உங்க வேலை இன்னும் முடியலையே” என்று சொல்லத் தயங்குவார். அந்தத் தயக்கம் நம் வளர்ப்பு, அதைக் குறை சொல்வதற்கில்லை. இங்கே மென்பொருள் ஓர் உதவி செய்கிறது. கெடுவுக்கு முந்தைய நாள் நினைவூட்டல் அதுவாகவே எல்லாருக்கும் ஒரே மாதிரி போகும், யாரும் யாரையும் கேள்வி கேட்டதாக ஆகாது. பெரியவர் செயலியைத் திறக்கவே மாட்டார் என்றால் ஓர் இளையவர் வாரம் இருமுறை அவரை அழைத்துக் கேட்டு அட்டையைப் புதுப்பிக்கலாம். ஆனால் அட்டையில் பெரியவர் பெயர்தான் இருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் கீழே ‘ஐயா சொன்னபடி பதிந்தேன்’ என்று ஒரு வரி போட்டால் போதும். எழுதிக் கொடுத்தவர் பெயருக்கு அட்டை மாறினால், அடுத்த வாரம் வேலையும் அவர் தலையில்தான்.

குழுவில் ஒருவர் தேசியச் சேவை முகாமுக்கு இரண்டு வாரம் போகிறார், இன்னொருவருக்கு இரவு வேலைமுறை, மூன்றாமவருக்குத் தேர்வு. ஆள் இல்லாத நாள்களில் அட்டையின் பெயர் மாற வேண்டும், வாய்ச்சொல்லாக ‘அவ பார்த்துப்பா’ என்று விட்டுவிடக் கூடாது. கைமாற்றும்போது அட்டையில் மூன்று தகவல் எழுத வேண்டும்: இதுவரை என்ன ஆனது, அடுத்து செய்ய வேண்டிய ஒரே செயல் என்ன, யாரிடம் பேச வேண்டும்.

பத்திகள், குறிப்பாகக் காத்திருப்புப் பத்தி

ஐந்து பத்தி போதும். ‘செய்ய வேண்டியவை’, ‘இந்த வாரம்’, ‘நடக்கிறது’, ‘காத்திருக்கிறது’, ‘முடிந்தது’. ‘திருத்தத்தில்’, ‘மறுபார்வையில்’, ‘அவசரம்’ என்று பத்தி கூடக்கூட அட்டை எங்கே போக வேண்டும் என்ற குழப்பமும் கூடும்.

முக்கியமானது நான்காவது. சிங்கப்பூரில் ஒரு நிகழ்ச்சி நடத்துவது என்றால் பாதி வேலை மற்றவர் பதிலுக்குக் காத்திருப்பது. அரங்கப் பதிவு உறுதி, உரிம விண்ணப்பம், விருந்தினர் அலுவலகத்தின் பதில், நன்கொடையாளரின் கையெழுத்து. இவற்றை ‘நடக்கிறது’ பத்தியில் வைத்தால் பார்ப்பவர் ‘யாரோ செய்துகொண்டிருக்கிறார்’ என்று நினைப்பார். உண்மையில் யாரும் எதுவும் செய்யவில்லை, ஒரு மின்னஞ்சல் எங்கோ யாருடைய பெட்டியிலோ கிடக்கிறது. காத்திருப்புப் பத்திக்கு அட்டை போகும்போது யாருக்காகக் காத்திருக்கிறோம், எந்தத் தேதியிலிருந்து, மறுபடி எப்போது கேட்போம் என்று எழுதுங்கள். கெடு தேதியையும் அந்த ‘மறுபடி கேட்கும்’ தேதிக்கு மாற்றுங்கள். அப்போது நினைவூட்டல் சரியான நாளில் மணியடிக்கும்.

டொயோட்டாவின் தடுப்பைப் பற்றிச் சொன்னோம். எட்டுப் பேருக்கும் ஆர்வம் அதிகம், ஆளுக்கு மூன்று வேலையைத் தொடங்கிவிட்டார்கள் என்று வைப்போம். ‘நடக்கிறது’ பத்தியில் 24 அட்டை. வாரத்துக்குக் குழு முடிப்பது 6. அப்படியானால் ஓர் அட்டை உள்ளே நுழைந்து வெளியே வரச் சராசரியாக 24-ஐ 6-ஆல் வகுத்தால் வரும் 4 வாரம். ஜான் லிட்டில் 1961ல் நிறுவிய வரிசைக் கணக்கு இது. வேலை ஓரளவு சீராக வந்து சீராக முடியும் இடங்களில் பொருந்தும். அதே எட்டுப் பேர், அதே வேகம், ஆனால் ஒரே நேரத்தில் 12 அட்டைக்கு மேல் தொடங்குவதில்லை என்றால் 2 வாரம். யாரும் கூடுதலாக உழைக்கவில்லை. ‘ஆளுக்கு இரண்டுக்கு மேல் கூடாது’ என்ற விதியை எழுதி வைத்தால் எட்டுப் பேருக்கு 16 ஆகும், அதுவே பெரிய மாற்றம். மூன்றாவது வேலையை எடுக்க விரும்புகிறவர் முதலில் இரண்டில் ஒன்றை முடிக்க வேண்டும், அல்லது மற்றவர் முடிக்க உதவ வேண்டும்.

தேதி வைப்பது

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, எல்லா அட்டைக்கும் ஏப்ரல் 18 என்றே கெடு வைப்பது. தேதியே வைக்காததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. நிகழ்ச்சி நாளிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும்.

பேனரையே எடுப்போம். ஏப்ரல் 16 வியாழனன்று கையில் இருக்க வேண்டும். அச்சுக்கு 5 நாள். அதற்கு முன் எழுத்துப்பிழை பார்க்க 2 நாள். அதற்கு முன் திருத்தம் 3 நாள், வடிவமைப்பு 4 நாள். வடிவமைப்பில் சிறப்பு விருந்தினர் பெயர் வேண்டும், அவர் ஒப்புதல் வர 10 நாள். கூட்டினால் 24 நாள். அதாவது அழைப்புக் கடிதம் மார்ச் 23க்குள் போக வேண்டும். மார்ச் 23 அன்று யாருக்கும் பேனர் நினைவே இருக்காது, அழைப்புக் கடிதம் பேனர் வேலையின் முதல் படி என்றும் தோன்றாது. பெரிய வெள்ளி போன்ற விடுமுறை இடையில் விழுந்தால் இன்னும் முன்னே தள்ள வேண்டும். ஜனவரி, பிப்ரவரி நிகழ்ச்சி என்றால் சீனப் புத்தாண்டையொட்டி அச்சகங்களும் சரக்கு தருபவர்களும் பல நாள் மூடியிருப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வடிவமைப்பு மூன்று மணி நேர வேலைதானே, 4 நாள் எதற்கு என்று கேட்கலாம். உழைக்கும் நேரம் வேறு, நாள்காட்டியில் ஓடும் நேரம் வேறு. செய்பவருக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் கணினி கிடைக்கும். அதில் ஒரு நாள் குழந்தைக்குக் காய்ச்சல். கெடு எப்போதும் நாள்காட்டி நேரத்தை வைத்துத்தான். ‘ஒரு ரெண்டு மணி நேர வேலைதான்’ என்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, “அந்த ரெண்டு மணி நேரம் எந்த நாளில்?”

இத்தகைய சங்கிலியைக் கண்டுபிடித்ததும் உடனே வேகப்படுத்தப் பார்க்காதீர்கள், முதலில் அறுக்க முடியுமா என்று பாருங்கள். பேனரில் விருந்தினர் பெயர் இல்லாமல் நிகழ்ச்சியின் பெயரும் தேதியும் மட்டும் போட்டால் 10 நாள் ஒரேயடியாகக் கழன்றுவிடும். விருந்தினர் பெயர் மின்னிலக்கச் சுவரொட்டியில் இருக்கட்டும், அதைக் கடைசி நாள்கூட மாற்றலாம். மென்பொருளில் ஒரு வேலையை இன்னொன்றோடு ‘இது முடிந்த பிறகுதான் அது’ என்று இணைக்கும் வசதி இருந்தால், இப்படி அறுக்க முடியாத இணைப்புகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைத்த பலகை இடியாப்பம் போல ஆகிவிடும்.

எழுத்துப்பிழைக்கு 2 நாள் அதிகமாகத் தோன்றலாம், ஆனால் தமிழ் அச்சில் அது கட்டாயம். தமிழ் எழுத்துச் சேர்க்கையைச் சரியாகக் கையாளாத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கோ’ மூன்று துண்டாகப் பிரியும். அச்சகத்தில் உள்ளவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவர் கண்ணுக்கு அது பிழையாகத் தெரியாது. ‘அச்சுக்குப் போகும் இறுதிப் பிடிஎஃப்பை, வடிவமைக்காத ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்த்தார்’ என்பது அந்த அட்டையின் சரிபார்ப்புப் பட்டியலில் முதல் வரியாக இருக்கட்டும்.

வடிவமைப்பாளர் சென்னையிலோ திருச்சியிலோ இருந்தால் கெடுவில் மணியையும் எழுதுங்கள். இந்தியாவைவிட இங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். பல மென்பொருள்கள் அவரவர் ஊர் நேரப்படி காட்டும். இங்கே மாலை 6 என்று வைத்தது அங்கே 3.30 என்று தெரியும், அது சரிதான். ஆனால் வாட்ஸ்அப்பில் “ஆறு மணிக்குள்ள” என்று சொன்னால் இரண்டு ஆறு மணி உண்டு.

மென்பொருளுக்கு ஊர் விதி தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். வீடு புதுப்பிக்கும் சிறு நிறுவனம் ஒன்று இதே பலகையைப் பயன்படுத்துகிறது என்று வைப்போம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் சுவர் இடிப்பது, தரை ஓடு பெயர்ப்பது போன்ற இரைச்சல் வேலைகளுக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கிடையாது. ‘சமையலறைச் சுவரை இடி’ என்ற அட்டைக்குச் சனிக்கிழமை கெடு வைத்தால் மென்பொருள் மறுப்பு சொல்லாது. அட்டை திங்களுக்குத் தள்ளிப்போகும், அதன் பின்னால் உள்ள மின்கம்பி, பூச்சு, ஓடு எல்லாம் வரிசையாகத் தள்ளிப்போகும். இந்த மாதிரி விதிகளை அந்தந்த அட்டையிலேயே எழுதி வைப்பவர்தான் பலகையைச் சரியாகப் பயன்படுத்துகிறார்.

வாரம் ஒருமுறை இருபது நிமிடம்

பலகை தானாக உயிரோடு இருக்காது. வாரம் ஒருமுறை, நேரிலோ இணையத்திலோ, எல்லாரும் அதைத் திறந்து பார்க்க வேண்டும். வலமிருந்து இடமாகப் போங்கள், முடிவுக்கு மிக அருகில் இருக்கும் அட்டையிலிருந்து. இடமிருந்து தொடங்கினால் நேரம் முழுவதும் புதிய யோசனைகளிலேயே போய்விடும். பாதி முடிந்தவை அப்படியே நிற்கும். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரே கேள்வி: “இது அடுத்த பத்திக்குப் போக என்ன வேண்டும்?” கெடு தாண்டிய அட்டைக்கு “ஏன் முடிக்கல?” என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்ட மறுவாரம், எல்லாரும் கெடுவைத் தூரமாக வைக்கவும் அட்டையை முந்திக்கொண்டு ‘முடிந்தது’ பத்திக்குத் தள்ளவும் கற்றுக்கொள்வார்கள். ஆளுக்கு எத்தனை அட்டை முடித்தார் என்று எண்ணிப் பாராட்டுவதும் அதே பலனைத்தான் தரும். ஒரு வேலையை ஆறு அட்டையாக உடைத்தவர் பரிசு வாங்குவார்.

அட்டையை நகர்த்துவது பொறுப்பாளரின் வேலை. ஒருங்கிணைப்பாளர் நல்லெண்ணத்தில் தானே எல்லாரிடமும் கேட்டுக் கேட்டு நகர்த்தத் தொடங்கினால் மூன்றே வாரத்தில் அவர் தபால்காரர் ஆகிவிடுவார்.

மூன்றாவது வாரம்

பலகைகள் சாகிற காலம் இதுதான். காரணம் பெரும்பாலும் ஒன்றே: உண்மை இரண்டு இடத்தில் இருக்கிறது. முடிவு வாட்ஸ்அப்பில் எடுக்கப்படுகிறது, அட்டையில் பழைய தகவல் நிற்கிறது. ஒருமுறை பலகையை நம்பி ஏமாந்தவர் மறுபடி அதைப் பார்க்கமாட்டார். வாட்ஸ்அப்பை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். பேச்சு அங்கே, முடிவு இங்கே என்று பிரித்தால் போதும். யாராவது குழுவில் “விருந்தினர் ஓகே சொல்லிட்டார்” என்றால் பதில் ஒன்றுதான்: “நல்லது, அட்டையில போட்டுடுங்க.” முதல் இரண்டு வாரம் இதைச் சலிக்காமல் சொல்ல ஓர் ஆள் தேவை. வேலை அட்டைகளின் இணைப்பையே வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பேசும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் தூரம் கடந்தாயிற்று.

இன்னொரு காரணம் அறிவிப்பு மழை. இயல்பு அமைப்பில் விட்டால் யார் எதைத் தொட்டாலும் எல்லாருக்கும் மணியடிக்கும் மென்பொருள்கள் உண்டு. இரண்டு நாளில் ஆள்கள் அறிவிப்பையே அணைத்துவிடுவார்கள், அதோடு கெடு நினைவூட்டலும் போய்விடும். சேர்ந்த அன்றே ஒவ்வொருவரின் கைத்தொலைபேசியிலும் மூன்றை மட்டும் வைத்து மற்றதை அணையுங்கள்: என் பெயருக்கு வேலை வந்தது, என் பெயரைக் குறிப்பிட்டார்கள், என் கெடு நெருங்குகிறது.

தனிநபர் தகவல்

பலகையில் பங்கேற்பாளர் பட்டியலை இணைப்பது எளிது, அதனால்தான் தவறு நடக்கிறது. போட்டிக்குப் பதியும் மாணவர்களின் அடையாள அட்டை எண்ணைக் கேட்காதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கட்டாயப்படுத்தும் இடங்களிலும் ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய இடங்களிலும் தவிர, நிறுவனங்கள் அந்த எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்பது இங்குள்ள வழிகாட்டுதல். பேச்சுப் போட்டிக்குப் பெயர், பள்ளி, பெற்றோரின் தொலைபேசி எண் போதும். அதுவும் தனி விரிதாளில், பதிவைக் கவனிக்கும் இருவருக்கு மட்டும் திறக்கும்படி இருக்கட்டும்.

பலகையை யார் பார்க்கலாம் என்ற அமைப்பை முதல் நாளே பாருங்கள். டிரெல்லோவில் ‘பொது’ என்று வைத்தால் கூகள் தேடலிலும் அகப்படலாம். குழுவிலிருந்து விலகியவருக்குப் பலகையைத் திறக்கும் அனுமதியை அன்றே நீக்குங்கள். ஆறு மாதம் கழித்து யாருக்கும் ஞாபகம் வராது.

எந்த மென்பொருள்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள், உண்மையில் இதற்கு முக்கியத்துவம் குறைவு. மூன்று, நான்கு பேர் என்றால் கூகள் ஷீட்டில் ஐந்து நெடுவரிசை போதும். அலுவலகத்தில் மைக்ரோசாஃப்ட் 365 ஏற்கெனவே இருந்தால் பிளானர் அதிலேயே கிடைக்கும், புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. தொண்டூழியக் குழுவுக்கு டிரெல்லோ பழகச் சுலபம். ஜிரா மென்பொருள் எழுதும் குழுக்களுக்காக உருவானது. இசை நிகழ்ச்சிக்கு அதை எடுப்பது கடுகு தாளிக்க அண்டா ஏற்றுவது போல. இலவசத் திட்டத்தில் எத்தனை பேர் சேரலாம் என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு, அவ்வப்போது மாறும். ஆகவே எட்டுப் பேரையும் சேர்ப்பதற்கு முன் நிறுவனத்தின் பக்கத்தில் அன்றைய வரம்பைப் பாருங்கள். தமிழ் தட்டச்சு கைத்தொலைபேசியில் சரியாக வருகிறதா என்று ஓர் அட்டை போட்டுச் சோதியுங்கள். தரவை ஒரு கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்றும் பாருங்கள்.

நிகழ்ச்சி முடிந்த இரவு

கைதட்டல் முடிந்ததும் பலகையில் இன்னும் ஏழெட்டு அட்டை நிற்கும், அவற்றைத்தான் எல்லாரும் மறப்பார்கள். அரங்க வைப்புத்தொகையைத் திரும்பப் பெறுவது, இரவல் வாங்கிய குத்துவிளக்கையும் சமுக்காளத்தையும் ஒப்படைப்பது, மிருதங்கக்காரருக்குப் பேசிய தொகையைப் பேநவ் என்ற மின்னிலக்கப் பணமாற்று வசதியில் அனுப்புவது, ரசீதுகளைப் பொருளாளரிடம் சேர்ப்பது, மாணவர் பட்டியலை அழிப்பது. இவற்றுக்கும் திட்டத்தின் முதல் நாளிலேயே அட்டை போட்டு, பெயரும் நிகழ்ச்சிக்குப் பிந்தைய தேதியும் வைத்திருக்க வேண்டும். அன்றிரவு களைத்துப் போய் உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேரில் யாரிடமும் புதிதாக வேலை கொடுக்க முடியாது.

கடைசி அட்டையும் நகர்ந்த பிறகு, ஒவ்வோர் அட்டையிலும் திட்டமிட்ட தேதிக்குப் பக்கத்தில் உண்மையில் முடிந்த தேதியை எழுதுங்கள். விருந்தினர் ஒப்புதல் 10 நாள் என்று வைத்தோம், 17 ஆனதா? எழுதுங்கள். பிறகு பலகையை நகலெடுத்து, நகலில் பெயர்களையும் தேதிகளையும் தனிநபர் தகவல்களையும் நீக்கி, ‘அடுத்த ஏப்ரல்’ என்று பெயரிட்டு மூடி வையுங்கள். அடுத்த குழுவுக்கு ஜனவரியில் அதைத் திறந்து, ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பெயர் எழுதுவதுதான் முதல் கூட்டம்.